எண்ணெயும் தலைக்கணக்கும்

"எண்ணெய் தீரப்போகுது, ஜனத்தொகைதான் காரணம்" என்று நம் தோழர்களே பேசி, அதைத் தீர்மானமாகவும் கூட்டத்தில் வைப்பது வருத்தமாக இருக்கிறது. ஒரு பீப்பாய் 159 லிட்டர். அமெரிக்கா நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எரிக்கிறது, ஜனம் 33 கோடிக்கு மேல். இந்தியா சுமார் 55 லட்சம் பீப்பாய், ஜனம் 140 கோடிக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: அங்கே தலைக்கு 9 லிட்டருக்கு மேல், இங்கே அரை லிட்டரைச் சற்றுத் தாண்டும். திருவொற்றியூரில் ஒண்டுக் குடித்தனத்தில் பிறக்கும் குழந்தை மேல் ஏன் பழி?

அதற்காகப் பற்றாக்குறையே கட்டுக்கதை என்பதும் தப்பு. எண்ணெய்க் கிணறு தொட்டி இல்லை. பாறைத் துளைகளில் உள்ள எண்ணெய் முதலில் சொந்த அழுத்தத்தில் மேலே வரும். அழுத்தம் இறங்கியதும் தண்ணீரை உள்ளே செலுத்துவார்கள். போகப்போக எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் வரும். பெரும்பாலான எண்ணெய் வயல்களில் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடும். அமெரிக்கப் புவியியலாளர் ஹப்பர்ட் 1956-ல் கணித்ததை ஒட்டி அமெரிக்க உற்பத்தி 1970-ல் உச்சம் தொட்டு இறங்கியது. இறுகிய பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எண்ணெய் வந்த பிறகே அதைத் தாண்டினார்கள். ஆனால் ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றும், தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கான போர்களுக்குப் பற்றாக்குறைதான் காரணமா? ஈரான் 1951-ல் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. 1953-ல் அதைச் செய்த பிரதமர் மொசாடெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1973-ல் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோதும் கிணறுகள் வற்றவில்லை. வால்வு யார் கையில் என்பதே சண்டை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய், வலையில் தார் மாதிரி ஒட்டியது. அடுத்த கூட்டத்தில் ஜனத்தொகைத் தீர்மானத்தை எடுத்துவிட்டு அந்த வலைகளுக்கான இழப்பீட்டை முதலில் வையுங்கள், தோழர்களே.