அம்மாவின் இரவுக் கொப்பி

சோஷல் வேர்க்கர் முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று அம்மா தானாகவே சேலை கட்டிக்கொண்டார். அம்மாவுக்கு டிமென்ஷியா, மறதி நோய். அதற்கு முன் மூன்று மாதமாக, நைட்டியை மாற்றுவதற்கே ஒவ்வொரு காலையும் எங்கள் இருவருக்கும் மல்லுக்கட்டு. அன்று கொசுவம்கூடப் பிசகவில்லை. வந்த பெண்ணை "இருங்கோ, இருங்கோ" என்று கதிரையில் இருத்தி, "பிள்ளை, இவவுக்குத் தேத்தண்ணி போடு" என்று எனக்குச் சொன்னார். வீட்டில் யார் சமைக்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். "நான்தான். இவள் வேலைக்குப் போறவள், பாவம்" என்றார் அம்மா. அம்மா அடுப்பைத் தொட்டு இரண்டு வருடம். கடைசியாகத் தொட்டபோது வெறும் சட்டியை வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். புகை அலாரம் அடித்துத்தான் நான் எழும்பினேன்.

மொழிபெயர்த்தது நான். அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். "இது உண்மை இல்லை" என்று அம்மாவின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மூன்று கிழமையில், அவரை அனுப்பிய கவுன்சிலின் (உள்ளூராட்சிச் சபையின்) கடிதம் வந்தது: இப்போதைக்குக் கவுன்சிலின் உதவி தேவைப்படும் நிலையில் உங்கள் தாயார் இல்லை.

அந்தப் பெண்ணில் பிழை சொல்லமாட்டேன். அவர் கண்டதை எழுதினார். காணவேண்டியதை மறைத்தது நான்.

இதை எழுதக் காரணம், கோயிலில் சந்திக்கும் அக்காமாரில் இரண்டு பேர் இப்போது அதே இடத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு கணவர். தேர்முட்டியடியில் நின்று அரைகுறையாகச் சொல்வதை விட எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்தான்; ஸ்கொட்லாந்தில் ஒழுங்கு வேறு.

எங்கள் ஊரில் இந்த நோய்க்கு 'அறளை பெயர்ந்திட்டுது' என்பார்கள். வயது போனால் வருவது, வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பது. யாரும் வந்தால் ஆளை அறைக்குள் விட்டுவிடுவது. எனக்கும் அந்தப் பழக்கம்தான். அம்மாவுக்கு இப்போது 81 வயது. எழுபதுகளில் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதியவர். கூப்பன் காலம், பாணுக்கு விடியற்காலையில் வரிசை நிற்கும் காலம். பின்னேரம் கடை பூட்டியதும் பேரேட்டைக் கூட்டி, மொத்தத்துக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, பக்கத்தில் தன் சுருக்கக் கையெழுத்தை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு சதம் இடித்தாலும் அன்று சாப்பாடு பிந்தும். அப்படிப்பட்டவருக்குக் கழிப்பறைக்குப் போகத் துணை வேண்டும் என்று வேற்று ஆளிடம் எப்படிச் சொல்ல வாய் வரும்?

ஆனால் இந்த நாட்டின் உதவிகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் பணம். அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் என்பது மத்திய அரசு தருவது, கவுன்சிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பென்ஷன் வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது. சேமிப்பு எவ்வளவு, வீடு சொந்தமா என்று பார்ப்பதில்லை. ஆறு மாதமாக உதவி தேவைப்பட்டிருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய வருடத்தில் அது கிழமைக்கு 73.90 பவுண், அல்லது 110.40 பவுணாக இருந்தது. பகலில் மட்டும், அல்லது இரவில் மட்டும் உதவி தேவை என்றால் குறைந்தது. பகலும் இரவும் தேவை என்றால் கூடியது. படிவத்தை இணையத்தில் இறக்குவதை விட ஃபோன் எடுத்துக் கேளுங்கள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால், ஃபோன் எடுத்த நாளில் இருந்தே கணக்கு. ஸ்பொன்சரில் பெற்றோரை அழைத்து ஐந்து வருடம் முடியாதவர்கள் மட்டும், எதையும் அனுப்ப முன் குடிவரவு தெரிந்த ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

படிவம் கிட்டத்தட்ட முப்பது பக்கம். இரவுப் பகுதியில் நான் எழுதியது: 'சில வேளைகளில் எழும்புவார்.' அவ்வளவுதான். குறைந்த தொகைதான் கிடைத்தது. முதியோருக்கான தொண்டு நிறுவனமான ஏஜ் யூகேயில் உதவி செய்யும் ஒரு பெண்மணியிடம் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனேன். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நேற்று இரவு எத்தனை தரம் எழும்பினீர்கள்?" யோசித்தேன். நாலு தரம். "முந்தாநாள்?" தெரியவில்லை. நித்திரை இல்லாதவருக்கு நாள் கணக்கு எங்கே நினைவிருக்கும்?

இரவில் இரண்டு தரமோ அதற்கு மேலோ எழும்பி உதவ வேண்டியிருந்தால், அல்லது ஒரே தரம் என்றாலும் இருபது நிமிடம் அளவில் பிடித்தால், அது கணக்கில் வரும் என்று அவர்தான் விளக்கினார். ஒரு கொப்பி வாங்கி இரண்டு கிழமைக்கு எழுதச் சொன்னார். இதோ, அதில் ஒரு பக்கம், எழுதியபடியே:

'செவ்வாய். 12.50 எழும்பினா. கழிப்பறை. உடுப்பு நனைஞ்சிட்டுது, மாத்தினேன். 25 நிமிசம். 2.10 வாசல் கதவைத் தட்டுறா. வீட்ட போகவேணுமாம், அப்பு தேடுவாராம். தேத்தண்ணி குடுத்து இருத்தினேன். 50 நிமிசம். 4.30 கட்டிலில் இருந்து என்னை ஆர் எண்டு கேட்டா.'

கடைசி வரியை எழுதிவிட்டுக் குசினியில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

முடிவுக் கடிதத் திகதியில் இருந்து ஒரு மாதத்துக்குள், திரும்பப் பரிசீலிக்கும்படி கேட்கலாம். கொப்பியின் பதினான்கு நாளையும் ஆங்கிலத்தில் படியெடுத்து அனுப்பினேன். கூடிய தொகையாக மாற்றித் தந்தார்கள். கிழமைக்கு 36.50 பவுண் வித்தியாசம், 'சில வேளைகளில்' என்ற இரண்டு சொல்லால் இழக்க இருந்தது.

இந்தப் பணம் அம்மாவுடையது. பார்க்கிறவருக்கு கெயரர்ஸ் அலவன்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு, அதே வருடம் கிழமைக்கு 83.30 பவுணாக இருந்தது. கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்க்க வேண்டும். வேலை செய்தால் வரி முதலியவை கழித்துக் கையில் வருவது ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது, அந்த வருடம் அது கிழமைக்கு 196 பவுண். ஒரு பென்ஸ் தாண்டினாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போய்விடும். நான் பாடசாலைக் குசினியில் வேலை. யாராவது லீவு என்று மேலதிக நேரம் கேட்டால், கைவிரலில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓம் சொல்லுவேன். தாய் தகப்பனைப் பார்ப்பதற்காக வேலையைக் குறைத்தவர்களை இப்படிக் கயிற்றில் நடக்க விடுவது நியாயம் இல்லை. வருமானம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் முறை.

இனிக் கவுன்சில். இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2014ஆம் ஆண்டின் கெயர் சட்டப்படி, அம்மாவின் தேவையைப் பார்ப்பது ஒரு மதிப்பீடு, என் தேவையைப் பார்ப்பது இன்னொரு மதிப்பீடு. இரண்டாவதற்குப் பெயர் கெயரர்ஸ் அசெஸ்மென்ட். அம்மா தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாலும் எனக்கு அந்த உரிமை இருக்கிறது. எவ்வளவு நேரம் பார்க்கிறேன், எவ்வளவு சம்பாதிக்கிறேன் என்பதைக் காட்டி மதிப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் நான் அறிந்தவர்களில் ஒருவருக்கும் அதைக் கவுன்சில் தானாக வந்து சொல்லவில்லை. நாங்கள்தான் ஃபோன் எடுத்து, அந்த இரண்டு ஆங்கிலச் சொல்லையும் அப்படியே சொல்லிக் கேட்க வேண்டும். 'அம்மாவைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது' என்றால் அனுதாபம் கிடைக்கும். அந்தச் சொல்லைச் சொன்னால் திகதி கிடைக்கும்.

இரண்டாவது தடவை மூன்று விஷயம் மாற்றினேன். மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சிலே ஒழுங்கு செய்ய வேண்டும் என்று முதலே கேட்டேன். அம்மாவை மாலை நாலு மணிக்குப் பிறகு வந்து பார்க்கச் சொன்னேன், இருளத் தொடங்கினால்தான் அம்மாவின் குழப்பம் தொடங்கும். என்னோடு தனியாகப் பேச வேறு ஒரு நேரம் வேண்டும் என்றேன்.

வந்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கத்து ஆள், வல்வெட்டித்துறைப் பக்கம். அம்மா மூன்றாவது கேள்வியிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, பருத்தித்துறை பஸ் இன்னும் இருக்கோ? இருட்டப் போகுது, வீட்ட போவம்" என்றார். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்ன விதத்தில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. நான் சொல்லியிருந்தால் 'களைப்பாக இருக்கிறாவாம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

அம்மா உண்மையிலேயே அந்த பஸ்ஸைத் தேடிப் போயிருக்கிறார். முதல் வருட டிசம்பரில், நான் குளியலறையில் இருந்த பத்து நிமிடத்துக்குள். வீட்டுச் செருப்போடு தரிப்பிடத்தில் நின்றார், கைப்பைக்குள் தொலைக்காட்சியின் ரிமோட். அதற்குப் பிறகு ஹேர்பெர்ட் புரோட்டோகோல் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். நோர்மண்டித் தரையிறக்கத்தில் சண்டையிட்டு, முதுமையில் இதே நோய்க்கு ஆளான ஜோர்ஜ் ஹேர்பெர்ட் என்ற வீரரின் பெயர் அது. புதுப் படம், போகக்கூடிய இடங்கள், எந்த மொழியில் கூப்பிட்டால் திரும்புவார் என்பதெல்லாம் முதலே எழுதி வைத்தால், காணாமல் போகும்போது பொலிசுக்கு நேரம் மிச்சம். 'தமிழில் அம்மா என்று கூப்பிடுங்கள்' என்று எழுதியிருக்கிறேன்.

தனியாக என்னோடு பேசிய அன்று சோஷல் வேர்க்கர் கேட்டார்: "இப்படியே இன்னும் எவ்வளவு காலம் உங்களால் முடியும்?" அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அண்ணாகூட. கொப்பியின் ஆங்கிலப் படியை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் பத்து நிமிடம் பேசாமல் வாசித்தார்.

கிடைத்தது: கிழமைக்கு இரண்டு நாள் பகல் நிலையம், வியாழன் தோறும் மூன்று மணித்தியாலம் அம்மாவோடு வந்து இருக்க ஒரு ஆள், எனக்கென்று ஒரு தடவை 200 பவுண். அந்தக் காசில் பழைய வோஷிங் மெஷினை மாற்றினேன். இரவில் நனைந்த படுக்கை விரிப்புகள் அதற்குள்தான் போகின்றன. அம்மாவின் பகல் நிலையத்துக்கு வருமானம், சேமிப்பு பார்த்தார்கள். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் என்றால் முழுச் செலவும் எங்கள் தலையில். வீட்டில் வைத்துப் பார்க்கும்வரை, இருக்கும் வீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அம்மாவிடம் சேமிப்பு என்று ஒன்றும் இல்லை.

அப்புறம் கவுன்சில் வரி. எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் இது. சோஷல் வேர்க்கர்மார் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து அம்மாவின் நோயை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதே கட்டடத்தின் வரிப் பகுதிக்கு ஒன்றும் தெரியாது. வரியில் கழிவு உண்டு என்று எனக்குச் சொன்னது பகல் நிலையத்தில் சந்தித்த ஒரு பஞ்சாபிக்காரர். டிமென்ஷியா உள்ளவர், டொக்டர் உறுதிப்படுத்தி, அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒன்றுக்கு உரித்துடையவராக இருந்தால், வரிக்கு ஆள் கணக்கில் வரமாட்டார். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் அப்படி ஒருவர் கழிந்தால் 25 வீதம் குறையும். கூடவே இருந்து 35 மணித்தியாலம் பார்க்கிற பிள்ளையும் கழியலாம், அப்போது 50 வீதம். எங்களுக்கு 50.

அந்தப் படிவத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே வருவது 'சிவியர் மென்ட்டல் இம்பேர்மென்ட்'. சட்டம் வைத்த பெயர். சங்கக்கடைப் பேரேட்டில் கையெழுத்து வைத்த பெயருக்கு எதிரே அதை எழுத, அந்தப் பேனையை எடுக்க எனக்கு நாலு நாள் பிடித்தது. பெயரை மாற்றினால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் விண்ணப்பிக்கும். வரிப் பகுதிக்கு இதைக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு பகுதியும் அதே ஆதாரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும். நோயை உறுதிப்படுத்திய கடிதம், அலவன்ஸ் கடிதம், இரண்டிலும் பத்துப் படி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். கார் தரிப்பிடச் சலுகை அட்டையான ப்ளூ பட்ஜுக்கும் அதுதான் தேவைப்பட்டது. 2019 ஓகஸ்ட்டில் இருந்து, நடக்கக்கூடியவர் என்றாலும் இப்படியான நோய்க்குக் கேட்கலாம்.

முதல் வியாழன் மூன்று மணித்தியாலமும் காருக்குள் நித்திரை கொண்டேன். இரண்டாவது வியாழன் கடைத்தெருவுக்குப் போய், ஒரு உழுந்து வடையும் பிளேன் ரீயும் ஆறுதலாக இருந்து குடித்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் மீளாய்வுக்கு வருகிறார்கள். அதனால் கொப்பியைத் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். போன ஞாயிறு அதைக் குசினி மேசையில் விட்டுவிட்டு உடுப்புக் காயப்போடப் போனேன். வந்து பார்த்தால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதற்கு முன்னால் இருக்கிறார், கையில் பேனை. சனி இரவு இரண்டு தரம்தான் எழும்பியிருந்தார்: 2.40, 4.15. அதற்குக் கீழே நேரான கோடு, 6.55, பிறகு இரட்டைக் கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. ரூபாயும் சதமும் என்று நினைத்திருக்கிறார். கூட்டல் சரியாக இருந்தது.