கூடுதுறையில் எழுந்த கங்கைப் பேச்சு

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க பவானி கூடுதுறைக்குப் போயிருந்தோம். காவிரி செம்மண் கலங்கலாகச் சுழித்து வர, பவானி கொஞ்சம் தெளிந்து பக்கத்தில் சேர்ந்தது. மூன்றாவதான அமுதநதி கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் மூன்றும் கூடும் இடம் என்றுதான் அங்கே எல்லோரும் முங்கி எழுகிறோம்.

புரோகிதர் சொம்புத் தண்ணீரைத் தொட்டு "கங்கேச யமுனே சைவ" என்று ஏழு நதிகளையும் அழைத்தார். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் படியேறும்போது மாமா ஆரம்பித்தார். "ஏன் மாப்ள, இப்பக் கூப்பிட்டது எந்தக் கங்கைய? அலக்நந்தாவா, பாகீரதியா?"

மாமா பத்ரிநாத் போய் வந்தவர். கங்கை என்ற பெயரே, இமயமலையில் இரண்டு ஆறுகள் கூடும் தேவப்பிரயாகையில்தான் தொடங்குகிறது. அதற்கு மேலே அவை தனித்தனி. பத்ரிநாத் வழியாக வருவது அலக்நந்தா; அது தௌலிகங்கா, நந்தாகினி, பிண்டார், மந்தாகினி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் அதில்தான் அதிகம். அதனால் ஆற்றை அளப்பவர்கள் அதையே மூலம் என்கிறார்கள். பாகீரதி, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், கங்கோத்ரி பனியாற்றின் வாயான கோமுகத்தில் புறப்படுகிறது. பனி உருக உருக அந்த வாயும் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது.

அம்மா விடவில்லை. "தவம் பண்ணுனது பகீரதனுங்கண்ணா. அவன் பேர்ல ஓடறதுதான் கங்கை."

நான் அம்மா பக்கம். சாம்பலாகிக் கிடந்த தன் முன்னோர், சகர புத்திரர்கள் 60,000 பேரும் கரையேறத்தானே பகீரதன் கங்கையைக் கீழே இறக்கினான்? அப்பாவுக்கு எள் இறைத்த ஈரம்கூடக் காயாத கையோடு நிற்கிற எனக்கு, கங்கை அவன் கேட்டு வந்தவள்தான். எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் என்பது அணை கட்டுகிறவருக்குத் தேவைப்படும் கணக்கு. நம் காவிரியையே பாருங்கள். அது பிறக்கும் தலைக்காவிரியில், குண்டிகை என்கிற சின்னத் தொட்டியிலிருந்து மழைக்காலம் தவிர ஓட்டம் கண்ணில் படுவதில்லை. அதற்காக ஐப்பசி பிறக்கும் துலா சங்கிரமணத்தன்று அங்கே கூட்டம் குறைகிறதா?

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று மூவரும் சங்கமேஸ்வரரையும் வேதநாயகி அம்மனையும் கும்பிட்டோம். சம்பந்தர் பாடிய திருநணா இது. அப்புறம் பிராகாரத்தில் உட்கார்ந்து முடிவு செய்தோம்: வெயில் காலத்தில் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான்; ரகுநாதரையும் சேவித்துவிடலாம். கோமுகம் வரை நடக்க அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்காது, கங்கோத்ரிக் கோயில் வரை பஸ் போகிறது.