நாற்பது படிகள்

பெருநகரம் ஒன்றின் புதிய உயர்மட்ட மெட்ரோ வழித்தடத்துக்கான திட்டமிடல் குழுவில் சேர்ந்தபோது, பாதை எங்கே போகிறது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றும், இனி அதை வரைபடத்தில் துல்லியமாக்குவதுதான் என் வேலை என்றும் நம்பியிருந்தேன். நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்ற கணிப்பு கைக்கு வந்திருந்தது. அதிலிருந்து ரயிலுக்கு ஆறு பெட்டிகள் என்பதும், பெட்டிகளிலிருந்து நடைமேடை ஏறத்தாழ 140 மீட்டர் நீளம் என்பதும் பெறப்பட்டன. மீதமிருந்தது தூண்களுக்கும் நிலையங்களுக்கும் இடம் பார்ப்பது. அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

சாலையின் நடுத்திட்டில் தூண்களை நிறுத்தினால் தனியார் நிலத்தை எடுக்கும் தேவை குறையும் என்பதால், உயர்மட்டப் பாதைகள் பெரும்பாலும் சாலையைப் பின்பற்றியே செல்கின்றன. ஆனால் சாலை திரும்பும் இடத்திலெல்லாம் ரயில் திரும்பிவிடாது. 120 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும்; 300 மீட்டர் ஆரம் இருந்தால் 65 வரை போகலாம். ஆரம் குறையக் குறைய, சக்கரம் தண்டவாளத்தில் உரசும் கிறீச்சொலியும் கூடி, பக்கத்து வீட்டு மாடி சன்னலுக்கு நேராகக் கேட்கும். சிகாகோவின் மையப் பகுதியில் 1897-இல் நிறைவடைந்த உயர்மட்டச் சுற்றுப்பாதை செங்கோணத் தெருக்களை ஒட்டி வளைகிறது; அங்கே ரயில்கள் இன்றும் அந்தத் திருப்பங்களில் வேகத்தைக் குறைத்தே செல்கின்றன. வரைபடத்தில் ஒருமுறை போட்ட வளைவு நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிடும் என்பதை அந்த உதாரணத்தில்தான் உணர்ந்தேன்.

தூண்களின் கதை வேறு. அவற்றுக்கிடையே 28 மீட்டர் என்று சீராகக் குறித்திருந்தோம். அடித்தளத் தூண்களுக்கு இயந்திரத்தால் துளையிடுவதற்கு முன், ஒவ்வோர் இடத்திலும் கையால் சோதனைக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். புதைந்திருக்கும் கேபிளையோ குழாயையோ இயந்திரம் அறியாது. அப்படி ஓரிடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கடப்பாரை இரும்பில் மோதியது. எந்தத் துறையின் வரைபடத்திலும் இல்லாத ஒரு வார்ப்பிரும்புக் குழாய் அங்கே இருந்தது. குடிநீர்த் துறையிலிருந்து வந்திருந்த மூத்த ஊழியர் குழிக்குள் இறங்கி, மண்ணைத் துணியால் துடைத்துவிட்டு, ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயின் மீதும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டார். "தண்ணி ஓடுது சார். இதுல கை வெச்சா வடக்குப் பக்கம் முழுக்க நின்னுடும்," என்றார். பிறகு மேலே ஏறி, அந்தக் குழாய் போகும் திசையைச் சாலையின் குறுக்கே சுண்ணாம்புப் பொடியால் நடந்துகொண்டே வரைந்தார். அந்தக் கோடு எங்கள் கணினி வரைபடங்களைவிடச் சரியாக இருந்தது. தூணை மூன்று மீட்டர் நகர்த்தினோம். பாலத்தின் மேல்தளம் மூன்று மீட்டர் நீளமுள்ள முன்வார்ப்புக் கண்டங்களை, அதாவது முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் துண்டுகளை, கோத்து அமைப்பதாக இருந்ததால், ஒரு பக்கம் ஒரு கண்டம் கூடி 31 மீட்டராகவும் மறுபக்கம் ஒன்று குறைந்து 25 மீட்டராகவும் ஆயிற்று.

என்னை மிகவும் அலைக்கழித்தது ஒரு நாற்சந்தி நிலையம். அங்கே ஏற்கெனவே ஒரு சாலை மேம்பாலம் இருந்தது. ரயில் பாதை அதற்கும் மேலே தாண்ட வேண்டும். நூற்றுக்கு மூன்று என்ற சரிவில் 6 மீட்டர் கூடுதலாக ஏற 200 மீட்டர் தூரம் தேவை. சரிவின் இரு முனைகளிலும், சரிவும் சமதளமும் மெல்ல இணைவதற்கான செங்குத்து வளைவுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். நிலையமோ கிட்டத்தட்ட சமதளத்தில்தான் அமைய முடியும். எனவே நாற்சந்தியை ஒட்டியிருந்த நிலையத்தையே 6 மீட்டர் உயர்த்தி வரைந்திருந்தேன். பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பக்கவாட்டில் காட்டும் நீள்வெட்டு வரைபடத்தில் கோடு அழகாக இருந்தது. கூட இருந்த கட்டடக்கலைஞர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, "இது நாற்பது படிகள்," என்றார். மின்தூக்கியும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன என்று நான் பதில் சொன்னேன். அவை பழுதுபடும் நாள்களும் வரும். தீ விபத்து நேர்ந்தால் 4 நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டும், 6 நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தைச் சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உயரம் கூடக் கூட அந்தக் கணக்கு இறுகிக்கொண்டே போகும்.

நிலையத்தை 220 மீட்டர் தள்ளினால் உயரம் குறையும். ஆனால் நாற்சந்தியில் இறங்குபவர்கள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். எது மேல் என்று அறிய, மூன்று காலை வேளைகளில் அங்கே நின்று, வருபவர்களை எண்ணினோம். ஊன்றுகோலுடன் வந்த ஒரு முதியவர் சாலையைக் கடக்க இரண்டு பச்சை விளக்குகள் தேவைப்பட்டதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை, ஓரத்தில்தான் எழுதினேன். எண்ணி முடித்தபோது, வருபவர்களில் பெரும்பாலானோர் பேருந்திலிருந்து இறங்குபவர்கள் என்பது தெளிவாயிற்று. அவர்கள் அந்த முனைக்கு வந்ததே பேருந்து அங்கே நிற்பதனால்தான்.

அதன்பின் நான் வரைபடத்தைத் திருத்தியதைவிடக் கடிதங்கள் எழுதியதே அதிகம். நிலையத்தோடு சேர்த்துப் பேருந்து நிறுத்தத்தையும் 220 மீட்டர் நகர்த்தி, நிலையத்தின் கீழேயே பேருந்துகள் நிற்க வேண்டும் என்று கேட்டோம். சாலை, போக்குவரத்துக் காவல், பேருந்து இயக்கம் ஆகிய மூன்று துறைகளும் தனித்தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் நான்கு முறை தள்ளிப்போனது. அதற்குள் பழைய இடத்திலேயே கட்டிவிடலாம் என்ற அழுத்தமும் வந்தது. அதை ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன். மூன்றாவது துறையின் ஒப்புதல் வந்த வாரத்தில்தான் மண் பரிசோதனை இயந்திரமும் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நடுத்திட்டில் முதல் துளைக்கான இடத்தை மஞ்சள் சாயத்தால் நானே குறித்துக் கொடுத்தேன்.