திங்கட்கிழமை வயிற்றுவலி

பள்ளி ஆலோசகரான என்னிடம் எந்தப் பிள்ளையும் "பயமா இருக்கு மிஸ்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிற்றுவலி என்றுதான் வருவார்கள். ஞாயிறு சாயங்காலமே தொடங்கிவிடும். திங்கள் காலை சீருடை போட்டதும் வாந்தி. இன்றைக்கு லீவு என்று உறுதியானதும் வலி போய்விடும். அதைப் பார்த்து வீட்டில் "நடிக்கிறா" என்பார்கள். நடிப்பே இல்லை. பயந்தால் வயிறு நிஜமாகவே பிசையும், பயம் விலகினால் நிஜமாகவே அடங்கும். என்னிடம் வருவதற்குள் ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல் என்று கேட்டு, தாயத்தும் கட்டி முடித்திருப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வகுப்புகள் திறந்தபோது இப்படிப் பலர் வந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் நிலைமைதான் விநோதம். ஏழாம் வகுப்பில் வீட்டுக்குப் போனவர்கள், எட்டாம் வகுப்பை வகுப்பறையில் உட்காராமலே கடந்து, நேரே ஒன்பதில் வந்து நின்றார்கள்.

அதில் ஒரு மாணவி. திறந்த சில நாட்களிலேயே நின்றுவிட்டாள். ஸ்கூல் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. அவ்வளவு பெரிய கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? அதனால் கால அட்டவணையை அவள் கையில் கொடுத்து, கஷ்டமான இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடச் சொன்னேன். தாள் முழுக்கச் சிவப்பாகும் என்று அவளே எதிர்பார்த்திருப்பாள். விழுந்தவை சில வட்டங்கள்தான். ஆங்கிலப் பாடத்தில் வரிசையாக எழுந்து வாசிப்பது, வகுப்பு நடுவில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, கணக்கு நோட்டைக் காட்டுவது. ஓரத்தில் அவளாகவே ஒன்று எழுதியிருந்தாள்: "ஏன் வரலன்னு கேப்பாங்க."

இதில் நோட்டு விஷயத்தைப் பெரியவர்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை. லீவு போட்டால் எழுதாத பக்கம் கூடும். அது கூடக் கூட மறுநாள் போகப் பயம் கூடும். அந்தப் பயத்துக்கு இன்னொரு லீவு. பழைய பாடங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிக்கொள்ளட்டும், இன்றிலிருந்து எழுதினால் போதும் என்று ஆசிரியர்களிடம் கேட்டேன். ஒருவர் மட்டும், "ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க மேடம்" என்றார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் யாரும் கேட்கவில்லை.

"ஏன்டி வரல?" என்பதற்குப் பதிலை என் அறையில் ஒத்திகை பார்த்தோம். "உடம்பு சரியில்ல, இப்ப பரவாயில்ல. கணக்குல எதுவரைக்கும் போயிருக்கு?" கடைசியில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டால் பேச்சு கணக்குக்கு நகர்ந்துவிடும். வம்பு கேட்கும் தோழியாக நான் நடித்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். கழிப்பறைக்கு ஆசிரியர் மேசையில் ஒரு அட்டை. எடுத்துக் காட்டிவிட்டுப் போகலாம், பேச வேண்டாம்.

அப்புறம் படிப்படியாக உள்ளே வருவது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். முயலைத் தூக்கி மடியில் வைத்து "தைரியமா இரு" என்று சொல்லவில்லை. நாங்களும் முதலில் நூலகம், பிறகு தமிழ் வகுப்பு மட்டும், பிறகு மதியச் சாப்பாடு வரை என்று நீட்டினோம். கஷ்டமான நாளில் வந்த இடத்திலேயே நிற்கலாம், பின்வாங்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: காலையில் "வலிக்குதா?" என்று கேட்கக் கூடாது. அவருக்கு மகளைவிட அதுதான் சிரமமாக இருந்தது.

எல்லாருக்கும் இந்த வழி ஆகாது. வகுப்பில் யாராவது அடிக்கிறார்கள், சீண்டுகிறார்கள் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும்; அங்கே பிள்ளையைப் பழக்கிவிடுவது கொடுமை. வாசிக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருக்கலாம், அதையும் பார்த்துவிட வேண்டும். தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால் மனநல மருத்துவர்தான். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி) எண்ணை இப்போது பெற்றோரிடம் எழுதியே கொடுக்கிறேன். 2022 அக்டோபரில்தான் அது வந்தது. இன்னொன்று: கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மார்க்கை வகுப்பு முன்னால் உரக்கப் படிப்பது அதில் சேருமா என்று வழக்காட நான் வரவில்லை. ஆனால் தாளைக் கவிழ்த்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

2022 ஜனவரியில் ஒமிக்ரானால் மறுபடி பள்ளி மூடினார்கள். போச்சு, எல்லாம் முதலிலிருந்து என்று நினைத்தேன். பிப்ரவரி 1 அன்று திறந்தபோது அவள் வரவில்லை. மறுநாள் வந்து, புது அட்டவணை ஒன்று வேண்டும், பேனா தன்னிடமே இருக்கிறது என்றாள். நோட்டுக்கும் கழிப்பறைக்கும் வட்டம் இல்லை. ஆங்கில வாசிப்புக்கு மட்டும் போட்டாள். அதைப் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆசிரியரும் நாங்களும் முடிவு செய்தோம்.