டெமரேஜை யாரிடம் போய்க் கேட்பது?

மதுரை கூடல் நகர் கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு ரேக், அதாவது வேகன்கள் கோத்த ஒரு முழு சரக்கு ரயில், வந்து, வேகன்களை இறக்குவதற்குத் தோதாக நிறுத்திய நேரத்தை ரயில்வே ஊழியர் பதிவேட்டில் எழுதிய கணத்திலேயே சரக்குக்காரரின் செலவுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. அனுமதித்த இலவச நேரத்துக்குள் வேகன் காலியாகாவிட்டால், வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் கட்ட வேண்டும். இறக்கிய மூட்டைகளை உரிய நேரத்துக்குள் பிளாட்பாரத்திலிருந்து அகற்றாவிட்டால் அதற்குத் தனியாக வார்ஃபேஜ் உண்டு. கீழமாசி வீதி மண்டிக் கணக்குகளோடு பல ஆண்டுகளாகப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரயில் சரக்குக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம், இந்த இரண்டு தொகைகளை மட்டும் ரேக் திரும்பிப் போன பிறகுதான் எழுத முடியும்.

ரயில்வேயின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் வாதிடவில்லை. இங்கே மூட்டையோடு நிற்கும் வேகன் வேறெங்கோ நிலக்கரிக்கோ உரத்துக்கோ தேவைப்படுகிறது. கட்டணம் இல்லையென்றால் வேகனையே கிடங்காக்கிக்கொள்ளும் வியாபாரிகள் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ரேக் வரும் நேரம் வியாபாரியின் கையில் இல்லை. இரவும் பகலும் வேலை நடக்கும் ஷெட் என்று அறிவித்த இடங்களில் நள்ளிரவில் வந்தாலும் நேரம் ஓடும். பகலிலோ கனரக வாகனங்களுக்கு மாநகருக்குள் கட்டுப்பாடு இருப்பதால், ஏற்றிய லாரி நகருக்குள் நுழையக் காத்துக் கிடக்கும். ஓர் அரசு அலுவலகம் சீக்கிரம் எடு என்கிறது. இன்னோர் அலுவலகம் இப்போது வராதே என்கிறது. இடையில் மழையும் பிடித்துக்கொண்டால், தார்பாயை இழுத்து மூடிவிட்டு லோடுமேன்கள் கூரையடியில் ஒதுங்கி நிற்க, ஓடுகிற ஒவ்வொரு மணியும் மண்டிக்காரர் தலையில் விழுகிறது.

இந்தத் தொகை அநியாயம் என்று தோன்றினால் எங்கே போவது? தள்ளுபடி கேட்டு மனுக் கொடுக்கலாம். அதை வாங்கிப் பரிசீலிப்பவர் கட்டணம் விதித்த அதே ரயில்வேயின் அதிகாரி. மேல்முறையீடும் அதே துறைக்குள்தான். ரயில்வேயைக் கேள்வி கேட்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. கட்டணத் தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்று, இந்திய ரயில்வேயை ஆராய்ந்த ஆக்வொர்த் குழு 1921இலேயே பரிந்துரைத்தது. அன்றைய அரசு 1926இல் ஓர் ஆலோசனைக் குழுவோடு நிறுத்திக்கொண்டது. ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் 1949இல்தான் வந்தது. அதன் தலைமையிடம் சென்னையிலேயே இருந்தது என்பது நம்மூர் வியாபாரிகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயன் குறைவுதான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 37ஆவது பிரிவு, தீர்ப்பாயம் எவற்றைத் தொடக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது: எந்தச் சரக்கு எந்தக் கட்டண வகுப்பு என்பதைத் தொடக் கூடாது, டெமரேஜையும் வார்ஃபேஜையும் அவற்றின் நிபந்தனைகளையும் தொடக் கூடாது, பார்சல் கட்டணத்தையும் தொடக் கூடாது. பெரிய ஆலைக்கு வேண்டுமானால் மிச்சம் ஏதாவது இருக்கலாம். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குபவருக்கும் பார்சல் ஆபீசில் பெட்டி போடுபவருக்கும் அந்த வாசல் முதலிலேயே சாத்தப்பட்டது. 2017இல் நிதிச் சட்டத்தின் வழியாக அந்தத் தீர்ப்பாயத்தை, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தோடு இணைத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், கட்டணங்களைப் பற்றி அரசுக்குப் பரிந்துரைக்கும் ரயில் வளர்ச்சி ஆணையம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, இனி ஒரு நடுவர் வருவார் என்று நானும் நம்பினேன்.

அமெரிக்காவில் சரக்கு ரயில்கள் தனியார் கையில் இருப்பதால் அரசு நடுவராக உட்கார முடிகிறது. 1887இல் தொடங்கிய மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம், ரயில் கம்பெனிகளின் கட்டணங்களை நெடுங்காலம் இறுக்கிப் பிடித்தது. லாரிப் போட்டியில் கம்பெனிகள் நொடித்த பிறகு, 1980ஆம் ஆண்டின் ஸ்டாகர்ஸ் சட்டம் அந்தப் பிடியைப் பெருமளவு தளர்த்தியது. அப்படித் தளர்த்திய பிறகும், அந்த ஆணையத்தின் இடத்துக்கு வந்த தரைவழிப் போக்குவரத்து வாரியம், டெமரேஜ் எந்த அடிப்படையில் நியாயமாகும் என்பதை விளக்கி 2020இல் ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. இங்கே சட்டம் வாய்விட்டுச் சொல்லி விலக்கிவைத்த விஷயத்தை அங்கே தனியாக எடுத்துப் பேசுகிறார்கள்.

அதிகப் பாரம் பற்றிய 73ஆவது பிரிவையும் சொல்லியாக வேண்டும். வேகனில் எழுதியிருக்கும் கொள்ளளவுக்கு மேல் ஆந்திரத்தில் ஒருவர் அரிசியை ஏற்றிவிட்டால், அதற்கான தண்டக் கட்டணத்தை அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ, சரக்கை ஒப்படைப்பதற்கு முன்பே வசூலிக்கலாம். ஏற்றும்போது பக்கத்தில்கூட இல்லாத மதுரைக்காரர் பணத்தைக் கட்டிச் சரக்கை எடுத்துக்கொண்டு, பிறகு ஆந்திரத்துக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். மூட்டை குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். ரயில்வே ஊழியர் எண்ணிப் பார்க்காத முழு வேகன் சரக்குக்கு, எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை என்ற குறிப்போடுதான் ஆர்.ஆர். எனப்படும் ரயில்வே ரசீது வழங்கப்படும், அந்தக் குறிப்பு இருந்தால், இத்தனை மூட்டை ஏற்றினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது.

இவ்வளவையும் பார்த்த வியாபாரி வழக்குப் போடுவதில்லை, லாரிக்குப் போய்விடுகிறார். லாரி வாடகை கூடுதலானாலும் வண்டி கடை வாசலுக்கே வருகிறது. நேரத் தகராறு வந்தால் டிரைவரிடமோ புக்கிங் ஆபீசிலோ பேசி முடித்துக்கொள்ளலாம். மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரிட் மனுவோடு போகலாம்தான். ஆனால் ரயில்வே அதிகாரிகள் விதியை மீறினார்களா என்பதைத்தான் அங்கே முக்கியமாகப் பார்ப்பார்களே தவிர, மணிக்கு இவ்வளவு என்ற தொகை நியாயமா என்ற கணக்குக்குள் சாதாரணமாகப் போக மாட்டார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்பதற்குப் புதிய ஆணையம்கூட வேண்டியதில்லை. 37ஆவது பிரிவில் டெமரேஜ், வார்ஃபேஜ் பற்றிய அந்த ஓர் உட்பிரிவை நீக்கினால், இப்போது இருக்கிற தீர்ப்பாயமே அதை விசாரிக்கலாம்.