வில்லங்கமான கோட்டைகள்

டிராகுலாவை இரத்தம் குடிக்கும் காட்டேரிக் கதை என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் முதல் சில அத்தியாயங்களில் நடப்பது என்ன? லண்டனுக்குப் பக்கத்தில் பர்ஃப்ளீட் என்ற ஊரில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது, அதன் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிரான்சில்வேனியா வரைக்கும் போகிறார், அங்கே கோமகன் டிராகுலா எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுகிறார். கோட்டை நூலகத்தில் லண்டன் விலாசப் புத்தகமும் அந்த நாட்டு வக்கீல்களின் பட்டியலும் வைத்திருக்கிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எங்கள் தாராபுரத்துக்காரர் யாராவது கோயமுத்தூரில் இடம் வாங்கப் போனால் இப்படித்தான் விசாரித்துவிட்டுப் போவார்.

கல்லூரியில் படித்தபோது உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் இந்த மாதிரிக் கதைகளாகப் பொறுக்கி வாங்குவேன். அப்போது பயம் மட்டும் போதும். அப்புறம் வேலை, குடும்பம், கோதிக் கதை (பழைய கோட்டை, மர்மம், பேய் பயம் என்று போகும் வகை) எல்லாம் மறந்தே போனது. போன ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கூரை ஓடுகளையெல்லாம் உலுக்க, கரண்டும் போய்விட, போனில் ‘வுதரிங் ஹைட்ஸ்’ எடுத்தேன். காப்புரிமை முடிந்த பழைய நாவல்கள் எல்லாம் குட்டன்பர்க் தளத்தில் இலவசம்தானே. யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துக் காற்றைப் பற்றிப் படிக்க எங்கள் ஊர் ஆடி மாதத்தைவிட நல்ல நேரம் இல்லை.

ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்து உட்காரவைத்தது காற்றும் இல்லை, ஜன்னலில் தட்டும் கையும் இல்லை. கதைநாயகன் ஹீத்கிளிஃப் அதில் வரும் இரண்டு வீடுகளையும் எப்படி வளைக்கிறான் என்பதுதான். தன்னை மிதித்தவன் குடியிலும் சூதாட்டத்திலும் விழும்போது கடன் கொடுத்து நிலத்தை அடமானமாகப் பிடிக்கிறான். சாகக் கிடக்கும் தன் மகனுக்கு அடுத்த வீட்டுப் பெண்ணைப் பூட்டிவைத்துக் கட்டிவைக்கிறான், பிறகு அந்தப் பையனிடம் உயில் எழுதி வாங்குகிறான். பையன் மைனர், அதனால் நிலத்தைப் பற்றி உயில் எழுத முடியாது என்ற நுணுக்கம்கூட நாவலில் வருகிறது! 1926இல் சி. பி. சாங்கர் என்ற வக்கீல் இந்த நாவலின் தேதிகளையும் வாரிசு உரிமைகளையும் வரிசையாக எடுத்து வைத்து, அதை எழுதிய எமிலி பிராண்டிக்குச் சொத்துச் சட்டம் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருந்தது என்று ஒரு கட்டுரையே எழுதினார். 1847இல் புத்தகம் வரும்போது, பாதிரியார் மகளான அவருக்கு வயது 29.

அதன் பிறகு எதை எடுத்தாலும் பத்திர வாசனைதான். இந்த வகைக்கு ஆரம்பம் என்று சொல்லும் ‘ஒட்ரான்டோ கோட்டை’ 1764இல் வந்தது. கல்யாண மாப்பிள்ளை மேல் ராட்சதத் தலைக்கவசம் விழுந்து நசுக்குகிறது. தோண்டிப் பார்த்தால், தாத்தா உண்மையான உரிமையாளருக்கு விஷம் வைத்து, போலி உயில் காட்டிக் கோட்டையைப் பிடித்திருக்கிறார். (கதையாகப் பார்த்தால் சுமார்தான். வேலைக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன்.) 1794இல் ஆன் ராட்கிளிஃப் எழுதிய ‘உடால்ஃபோ’ வேறு ரகம். மலை வர்ணனைகள் போய்க்கொண்டே இருக்கும், அதைத் தாண்டினால் மொன்டோனி வருகிறான். மனைவி தன் பெயரில் இருக்கும் நிலத்தை எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்காகக் கோபுரத்தில் அடைத்துவைக்கிறான். அவள் கையெழுத்துப் போடாமலே நோயில் சாகிறாள். அடுத்து அவளுடைய சகோதரர் மகளிடம் அதே காகிதம். ராட்கிளிஃப் பேய்க்கெல்லாம் கடைசியில் விளக்கம் சொல்லிவிடுவார், மொன்டோனிக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இது நம் பக்கத்தில் புரியாதா? பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு என்று 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் சட்டம் வந்தது. அதன் பிறகு விடுதலைப் பத்திரத்தில் தங்கச்சிகளின் கையெழுத்து வாங்க அண்ணன்மார்கள் எவ்வளவு பாசமாகச் சீர் கொண்டு போனார்கள் என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் அம்முச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் ஒரு தொட்டிக்கட்டு வீடு பங்காளி வழக்கில் பூட்டிக் கிடந்தது. “அந்தப் பக்கம் போகாத கண்ணு, முனியோட்டம் இருக்குது” என்பார். அதே மூச்சில், எந்த வருஷம் யாரிடம் கைநாட்டு வாங்கினார்கள், யார் சாட்சிக்கு நின்றார்கள் என்பதையும் சொல்வார். முனி வந்தது வழக்குக்கு அப்புறம்தான், அது அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகு பயம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. டிராகுலா கோட்டைச் சுவரில் தலைகீழாகப் பல்லி மாதிரி இறங்கும் இடத்தில் இன்றைக்கும் கால் கூசுகிறது.

இப்போது கையில் இருப்பது ஷெரிடன் லெ ஃபானுவின் ‘அங்கிள் சைலஸ்’, 1864. அப்பா உயில் எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போகிறார்: மகள் மேஜராகும் வரை சித்தப்பா வீட்டில் வளர வேண்டும், அதற்குள் அவள் செத்தால் சொத்து சித்தப்பாவுக்கு. வீட்டில் இவ்வளவுதான் கதை சொன்னேன். தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே மனைவி கேட்டார்: “ஏனுங்க, அந்தப் புள்ள அந்த ஊட்டுல சோறு திங்குதா என்ன?”