பழைய இணைய இணைப்பைத் துண்டிக்கும் முன்

வீட்டு ஃபைபர் இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டைத்தான் ஒப்பிடுகிறார்கள்: எத்தனை எம்பிபிஎஸ், மாதம் எவ்வளவு. அதைவிட முக்கியம், உங்கள் தெருவில் யாருடைய கேபிள் ஒழுங்காக இருக்கிறது, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்பது. இதை விளம்பரத்தில் பார்க்க முடியாது. அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் எத்தனை நாள் நின்றது, இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை வேகம் எப்படி என்ற இரண்டு கேள்வி போதும். ஊருக்கே நல்ல பெயர் எடுத்த நிறுவனம் உங்கள் தெருவில் மோசமாக இருக்கலாம்.

விலையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்துக் கணக்கிடுங்கள். ‘அன்லிமிடெட்’ என்றாலும் அளவு உண்டு. பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறைந்துவிடும். சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத அளவுதான். ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் நிறுவல் கட்டணம் இல்லை என்பார்கள். முடிந்தவரை முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். இணைப்பு சரியில்லை என்றால் அந்த முன்பணத்தைத் திரும்ப வாங்குவது லேசான காரியம் அல்ல.

வீட்டில் சிசிடிவி டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) இருந்து, அதை போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் நேராக டிவிஆருக்கு அனுப்பும் வசதி) மூலம் வெளியிலிருந்து பார்ப்பவர் என்றால், பணம் கட்டும் முன்பே பொது ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் வீட்டுக்கென்றே உள்ள எண்) கிடைக்குமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி (நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் உங்களுக்கும் அப்படித்தான். அதில் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது, ரவுட்டரில் என்ன மாற்றினாலும். தனியாகக் காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) வாங்க வேண்டும், அல்லது டிவிஆர் நிறுவனத்தின் கிளவுட் ஆப் வழியாகப் பார்க்க வேண்டும்.

புதியது வந்த அன்றே பழையதை நிறுத்தாதீர்கள். குறைந்தது பத்து நாள் இரண்டும் ஓடட்டும். பழைய இணைப்போடு வந்த தரைவழித் தொலைபேசி எண்ணை மொபைல் எண் போல இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. அந்த எண்ணை வங்கியிலோ கேஸ் ஏஜென்சியிலோ கொடுத்திருந்தால் இந்த நாட்களில் மாற்றிவிடலாம்.

நிறுவ வருகிற நாளில் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது நல்லது. கேபிள் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதையைப் பாருங்கள். சுவரில் துளை வெளிப்பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். துளைக்கு வெளியே கேபிள் சிறிது கீழே தொங்கி மேலேறி உள்ளே நுழைந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். ஜன்னல் இடுக்கிலும் கதவு மூலையிலும் செங்குத்தாக மடித்து ஆணி அடிப்பதுதான் பின்னால் தொல்லை தருகிறது; வளைவின் ஆரம் 3 செ.மீ.க்குக் குறையக் கூடாது. மொட்டைமாடி வழியாக வந்தால் அணில் கடிக்கும். அந்தப் பகுதியை மட்டும் பிவிசி குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். பச்சை நிற கனெக்டரின் முனையை விரலால் தொட வேண்டாம், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

நிறுவ வந்தவர் கிளம்பும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், அது ஒளியின் அளவு. அவர் கையில் ஒளியை அளக்கும் பவர் மீட்டர் இருக்கும். இல்லையென்றால் பெரும்பாலான மாடல்களில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே ‘ஆர்எக்ஸ் பவர்’ (உள்ளே வரும் ஒளி) என்று டிபிஎம் என்ற அலகில் காட்டும்; மைனஸ் எண் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 23 வரை நிம்மதி. மைனஸ் 27 என்பது பெரும்பாலான ஜிபான் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பிரித்துப் பல வீடுகளுக்குக் கொடுக்கும் முறை) கருவிகள் தாங்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் குறையும்போதும் ஒளி பாதியாகிறது. ஆகவே மைனஸ் 26-இல் விட்டுச் செல்லும் இணைப்பு அன்றைக்கு வேகமாகவே ஓடும். ஒரு மழைக்குப் பிறகோ கேபிள் சற்று வளைந்தாலோ விட்டுவிட்டு அறுபடும். அப்புறம் ‘ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்றே பதில் வரும். அளவு மோசமாக இருந்தால் அப்போதே கனெக்டரை மாற்றச் சொல்லுங்கள். கையால் பொருத்தும் ஃபாஸ்ட் கனெக்டரைவிட ஸ்பிளைசிங் மெஷினில் (ஃபைபரை உருக்கி ஒட்டும் கருவி) ஒட்டிய முனை நீடிக்கும். அந்த அளவைப் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து புகார் சொல்லும்போது ‘அன்று மைனஸ் 19, இன்று மைனஸ் 26’ என்றால் யாரும் மறுக்க முடியாது. ரவுட்டரில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளியே வரவில்லை என்று பொருள். வைஃபையை நோண்டிப் பயனில்லை.

வேகத்தை லேன் கேபிள் போட்டுச் சோதியுங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் சரியாக 94 அளவில் நின்றால் நிறுவனத்தின் மேல் கோபப்பட வேண்டாம். போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டு கம்பியில் நான்குதான் தொடர்பில் இருக்கும். மொபைலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 40, 50 வருவது இயல்பு. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் உயரும், இரண்டு சுவர் தாண்டினால் அது இளைத்துப்போகும். ரவுட்டரை டிவி அலமாரிக்குள் மூடி வைக்காதீர்கள்.

புது வைஃபைக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால் டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு எல்லாம் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டு ரவுட்டரும் ஓடும் நாட்களில் மட்டும் பழையதின் வைஃபையை அணைத்து வையுங்கள். சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றி, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்தி, லேன் போர்ட்டில் இணைத்தால் போதும். இரண்டு கருவியும் 192.168.1.1 முகவரியிலேயே இருந்தால் மோதும், ஒன்றை 192.168.1.2 ஆக்குங்கள்.

மின்தடை நாளிலும் நெட் வேண்டுமென்றால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர், பின்னின் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். ஜிபானில் கம்பத்தில் ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால் தெரு முழுக்க இருட்டானாலும் இணைப்பு வர வழி உண்டு. அடுக்குமாடியின் படிக்கட்டு அடியில் ஸ்விட்ச் வைத்து லேன் கேபிள் இழுத்துத் தருகிற இணைப்பில் அப்படி நடக்காது.

பழையதை பில் சுழற்சி முடியும் நாளுக்கு ரத்து செய்யச் சொல்லி ஆப் அல்லது மின்னஞ்சலில் எழுதுங்கள்; போனில் சொன்னதோடு விடாதீர்கள். யூபிஐ ஆட்டோபேயை நீங்களே நிறுத்த வேண்டும். கருவியை ஃபேக்டரி ரீசெட் செய்து, அடாப்டரோடு கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். வைப்புத்தொகை வராவிட்டால் புகார் எண் பதிந்து, அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள்.